இணங்குதரை

அண்ணனின் சக்கர நாற்காலி மேட்டை எட்டும் முன்பே தரை தணிந்து வழிவிட்டது. இசக்கிக்கு அதுவே பிடிக்கவில்லை. கேட்காமல் உதவி செய்கிற எதையும் அவள் நம்பியதில்லை.

மூன்று கல்குவாரிப் பள்ளங்களில் தண்ணீர் நிரம்பி ஏரிகளான இடத்தை அரசு பூங்காவாக்கியிருந்தது. பாதை முழுக்க இணங்குதரை. கடுகளவு எந்திர மணிகள், கோடிக்கணக்கில். வருகிறவரின் எடையையும் தசையின் வலுவையும் தொட்டறிந்து, சக்கரத்துக்குச் சரிவாகவும் ஊன்றுகோலுக்குப் பிடிமானமாகவும் மாறும்.

தசையின் வலுவை எதற்கு அளக்க வேண்டும்?

அவளுடைய அண்ணன் சுடலைமுத்துவுக்கு அந்தக் கவலையெல்லாம் இல்லை. இதே குவாரியில் கல் சரிந்து இரண்டு காலும் நசுங்கியவர் அவர். அதற்கு முன்பு வேலை முடிந்ததும் இந்தப் பள்ளத்தில்தான் நீந்துவார். பதினோரு வருடம் கழித்து அந்தத் தண்ணீரில் ஒரு தடவை இறங்க வந்திருந்தார்.

போன வருடம் ஊனத்தை அளந்து சான்று தரும் முகாமில் மருத்துவர் ஒரு தாளைக் கேட்டார். உட்கார்ந்தபடி எட்டவில்லை. அண்ணன் மேசையைப் பிடித்து இரண்டு நொடி எழுந்து நீட்டினார். அந்த இரண்டு நொடிக்கு, அட்டையில் எழுபத்தைந்து சதவீத ஊனம் அறுபதானது. இன்னும் ஒரு சதவீதம் குறைந்தால் மோட்டார் மூணு சக்கர வண்டியைத் திரும்ப வாங்கிக்கொள்வார்கள். வண்டி போனால் அவருக்கு வீட்டு வாசல்தான் உலகம். அந்த வீட்டின் முதல் பட்டதாரியான இசக்கி அவருக்காக மனு எழுதி எழுதிக் கற்றது ஒன்றுதான்: அளக்கிறவர்கள் குறைக்கத்தான் அளக்கிறார்கள்.

"கை வலிக்கிற மாதிரி தள்ளுங்கண்ணே," என்றாள் மெதுவாக. "தரை பாத்துக்கிட்டு இருக்கு."

"தரைக்கு ஏதுட்டி கண்ணு?"

"முகாம்ல மேசைக்குக் கண்ணு இருந்துச்சாக்கும்? சொன்னதச் செய்ங்க."

அவர் முனகினார். சுற்றிலும் எல்லோரும் முனகிக்கொண்டுதான் இருந்தார்கள். சக்கரம் தானாக உருளும் பாதையில் ஒருவர் நாலடிக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்கினார். மண்ணில் நன்றாக நடந்து வந்த ஓர் அக்கா, பாதையில் கால் பட்டதும் நொண்டினார். இசக்கியும் அவரும் ஒரு நொடி ஒருவரையொருவர் பார்த்துவிட்டு, ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

முதல் ஏரியில் மணிகள் தண்ணீருக்குள் ஒரு சரிவை நீட்டின. அதன் ஓரத்தில் கைப்பிடி முளைத்தது.

"இறங்க விரும்புகிறீர்களா?" என்று தரை கேட்டது.

இசக்கி அண்ணனின் தோளை அழுத்தினாள்.

"முடியாது," என்றார் அவர், தண்ணீரைப் பார்த்தபடியே.

இரண்டாவது ஏரியிலும் அதேதான். மூன்றாவதில் கேள்வி முடிவதற்குள் இசக்கியே பதில் சொல்லிவிட்டாள்.

திரும்பும் வழியில் பாதையோரமாக மணிகள் கறுப்பு ஓடைபோல வாசலை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தன. வாசலில் நின்ற பணியாளர் கோமதியிடம் இசக்கி சண்டைக்கே போனாள். எங்கள் அளவெல்லாம் எங்கே போகிறது? முகாமுக்கா, ஆட்சியர் அலுவலகத்துக்கா?

எங்கேயும் போகாது என்றாள் கோமதி சலிப்போடு. வாசலைத் தாண்டினால் அழிந்துவிடும். தரைக்கு யார் பெயரும் தெரியாது. கேட்ட கேள்விக்கு என்ன பதில் வந்தது என்பதை மட்டும் எண்ணிக்கொள்ளும். வேண்டாத இடத்து மணிகளை வேண்டிய இடத்துக்கு அனுப்பும்.

"நாலு மாசமா ஒருத்தர்கூட தண்ணில இறங்கல. எல்லாரும் முடியாதுன்னே சொல்லுதாங்க. இன்னையோட ஏரிச் சரிவு கிடையாது. மணியெல்லாம் கார் நிறுத்துற எடத்துக்குப் போகுது."

சுடலைமுத்து தங்கையைப் பார்த்தார். "இப்பச் சரின்னு சொன்னாலும் மணி போறது நிக்கும்லா?"

ஒருத்தர் சரி என்றால் போதும், நின்றுவிடும் என்றாள் கோமதி.

இசக்கி அவள் முகத்தையே பார்த்தாள். தாளைக் கேட்ட மருத்துவரும் இப்படிச் சாதாரணமாகத்தான் பேசினார். கோமதியின் கழுத்தில் தொங்கிய அட்டையிலும், அண்ணனின் ஊன அட்டையில் இருந்த அதே அரசு முத்திரை.

சக்கரத்துக்கு அடியில் தரை கேட்டது: "ஏரியில் இறங்க விரும்புகிறீர்களா?"

அண்ணன் வாயைத் திறந்தார்.

"அவங்களால முடியாது," என்றாள் இசக்கி.

சுடலைமுத்து சக்கரத்திலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். தூரத்தில் ஏரியின் கடைசிச் சரிவும் கரைந்து மணிகளின் ஓடையில் சேர்ந்தது. அவர்கள் வாயால் சொன்னதைச் சான்று கேட்காமல், முதல் தடவையிலேயே நம்பிய அரசாங்கப் பொருள் அது ஒன்றுதான்.