மூன்றாம் மூட்டைச் சாம்பல்

கரண்ட் கம்பியைக் கழற்றிய பிறகும் ஏழாம் பேட்டரிப் பொட்டலம் தடித்துக்கொண்டிருந்தது. தடிப்பைக் காட்டும் அளவுமானியின் முள் மெல்ல ஏறியது, நின்றது, இறங்கியது. கரண்ட் ஏறினால் தடிக்கும், இறங்கினால் மெலியும். பூபதிக்குத் தெரிந்த கணக்கு அவ்வளவுதான். கரண்டே இல்லாமல் எதுவும் அசையக் கூடாது.

நோட்டில் எண்ணை எழுதினான். நாற்பது வயதுக்கு மேல் கற்ற எழுத்து, அழுத்தித்தான் விழும்.

செஞ்சியிலிருந்து மேல்மலையனூர் போகும் சாலையில், அரிசி மில்லுக்குப் பின்னாலிருந்த தகரக் கொட்டகை அது. உமிச் சாம்பலை அமிலத்தில் கழுவி, உலையில் வேகவைத்து, சிலிக்கான் தூளாக அரைத்து, செம்புத் தகட்டில் பூசி, வெள்ளித்தாள் பொட்டலத்துக்குள் பேட்டரியாக அடைப்பார்கள். கரண்ட் ஏறும்போது சிலிக்கான் லித்தியத்தை வயிறு முட்டக் குடித்து மூன்று மடங்கு வீங்கும்; சுருங்கும்போது விரிசல் விடும். முப்பது தடவை ஏற்றி இறக்கத் தாங்கினாலே பெரிது. வீங்கியும் உடையாத தூளைத்தான் ஆராய்ச்சிக்கு வந்த ரஞ்சனி இரண்டு வருடமாகத் தேடிக்கொண்டிருந்தாள்.

மத்தியான வெயிலில் தகரம் முறுகும் சத்தம், தொண்டையைக் கீறும் அமில நெடி, கருகிய உமி வாசனை, அடுக்கில் வரிசையாக நின்ற மற்ற முப்பத்தொன்பது பொட்டலங்களின் மங்கிய மினுக்கு, இவற்றுக்கு நடுவில் அவன் மறுபடியும் முள்ளைப் பார்த்தான். மூன்று சின்ன ஏற்றம். ஒரு நீண்ட ஏற்றம். பிறகு இறக்கம்.

அது கூட வேலை செய்த விநாயகத்தின் மூச்சு. அரவை மிஷினில் நின்று நின்று தூள் நெஞ்சில் இறங்கி, கடைசி ஆறு மாதம் அவன் அப்படித்தான் இழுத்தான். இழுப்புக்கு நடுவிலும் பூபதியின் நோட்டை எட்டிப் பார்த்துக் கிண்டலடிப்பான். "இன்னா வாத்தியாரே, ரெண்டுக்குக் கொம்பு போட்டியா?"

ஐப்பசியில் செத்தான். சிதைக்கு மில் உமியைத்தான் மூட்டை மூட்டையாகக் கொட்டினார்கள். மறுநாள் பால் தெளித்து, எலும்பு பொறுக்கி, எல்லோரும் போனபின் சாம்பல் மேடாகக் கிடந்தது. மில் ஓடாத வாரம். சாம்பல் எங்கே என்று ரஞ்சனி தினமும் கேட்டுக்கொண்டிருந்தாள். எலும்புதான் போய்விட்டதே, மீதி வெறும் உமிதானே என்று நினைத்தான் பூபதி. ஒரு மூட்டை அள்ளினான். கொட்டகையில் அது மூன்றாம் மூட்டை. நாற்பது பொட்டலமும் அதில் செய்ததுதான்.

விநாயகத்தின் மனைவி சுமலதாவுக்கு இது தெரியாது. புருஷன் வேலையை அவளுக்குக் கொடுத்திருந்தார்கள். பக்கத்து அறையில் பொட்டலம் ஒட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தெரிந்துவிட்டால் என்று நினைக்கும்போது மட்டும் பூபதியின் மரத்துப்போன நெஞ்சில் ஏதோ அசைந்தது.

ரஞ்சனி வந்தாள். மூன்றாம் மூட்டைத் தூள் மட்டும் ஐந்நூறு தடவை தாண்டியும் விரிசல் விடவில்லை என்றாள். எங்கே எடுத்தது என்று கேட்டாள்.

"மில்லுலதாம்மா."

"அதே சாம்பல் இன்னும் பத்து மூட்டை வேணும்ணே."

தலையாட்டினான். அவள் போன் பேச வெளியே போனாள். அவன் தொட்டியில் முகம் கழுவிவிட்டு வந்தான்.

அளவுமானி காலி.

அடுக்கில் தாள் உரசும் சத்தம். ஒன்றல்ல. மிச்சம் முப்பத்தொன்பதும். மூன்று சின்னது. ஒன்று நீளம்.

பக்கத்து அறைக் கதவைத் தள்ளினான்.

சுமலதா தரையில் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஏழாம் பொட்டலம். இருமுகிறவன் முதுகைத் தட்டுவதுபோல் மெல்லத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"சுமலதா, அது வந்து..."

"தெரியும்ணே. மொத நாளே தெரிஞ்சிடுச்சு. ராவெல்லாம் பக்கத்துல படுத்துக் கேட்டவ நானு."

அவன் ஒரு அடி உள்ளே வைத்தான்.

"சத்தம் போடாதீங்க. இப்பத்தான் கண்ணசந்தாரு."

அடுக்கில் உரசல் நின்றது. மொத்தமாக. அவள் கை மட்டும் தட்டியது. ஒன்று. இரண்டு.

வெள்ளித்தாள் உள்ளிருந்து எழும்பி, அவள் உள்ளங்கையைத் திருப்பித் தட்டியது.