ஏறிக்கொண்டே போன சுதி

சுதி ஏறியிருந்தது. லாவண்யா பியானோவின் நடுக் கட்டையை மறுபடி தட்டிப் பார்த்தாள். பாலு வந்து சுதி சேர்த்துவிட்டுப் போய் ஒரு வாரம்கூட ஆகவில்லை; வெளியே ஆரணியைச் சித்திரை வெயில் வறுத்துக்கொண்டிருந்தது, உள்ளே ஏசிக் காற்றில் உதடு வெடித்தது, ஆனாலும் கம்பிகள் யாரோ முறுக்கியதுபோல விறைத்திருந்தன, அறை முழுக்க நனைந்த பட்டின் கஞ்சி வாடை அடித்தது.

இருப்புக்கொள்ளாமல் வேலூரிலிருக்கும் பாலுவுக்குப் போன் போட்டாள்.

“ஈரம் பட்டா உள்ள பலகை உப்பிக்கும் மேடம். கம்பி இழுபட்டு சுதி ஏறும். காஞ்சா இறங்கணுமே,” என்றார் பாலு. “யாராச்சும் தண்ணி வைக்கறாங்களா?”

அவளுக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தன. அவள் கணவன் ராஜ்குமார் தறிக்காரர் வீட்டுப் பிள்ளை. கோடையில் பட்டு இழை அறாமலிருக்கத் தறிக்கடியில் ஈரச் சாக்கு போடுவது அவர்கள் வழக்கம். பியானோக் கம்பிக்கும் அதே வைத்தியம் பார்த்திருக்கிறான் மகராசன்! குனிந்து பியானோவுக்கடியில் கையை விட்டுத் துழாவினாள். சாக்கு இருந்தது. சொட்டச் சொட்ட.

“லீலா, எந்திரி. அப்புறம் வாசிக்கலாம்,” என்று முக்காலியில் உட்கார்ந்திருந்த எட்டு வயது மகளை எழுப்பிவிட்டு, சாக்கைப் பின்கட்டுக்கு எடுத்துப்போய்க் கொடியில் போட்டாள். கையோடு கணவனைப் போனில் அழைத்தாள்.

“ஆமா, நான்தான் போட்டேன்,” என்றான் ராஜ்குமார். “ஆனா நான் பெங்களூர் வந்து நாலு நாளாச்சே. இந்த வெயிலுக்கு அது எப்பவோ காஞ்சிருக்கும்.”

“தண்ணி சொட்டிகினு இருக்குதுங்க.”

அவன் சற்றுத் தயங்கினான். “காலைத் தொங்கவிட்டு மிதிச்சு நெய்யற பழைய தறிக்குழி, பியானோ இருக்கற எடத்துலதான் இருந்துச்சு. மண்ணு கொட்டி சிமெண்ட் பூசிட்டாங்க. அடியில ஊறுதோ என்னமோ.”

உள்ளே மரம் மரத்தில் மோதும் சத்தம். டக். டக். ஒரே சீராக.

“லீலா!”

லாவண்யா ஓடினாள்.

பியானோ முன் முக்காலி சாய்ந்து கிடந்தது. லீலா தரையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். முழங்காலுக்குக் கீழே கால்களைக் காணோம். சிமெண்ட் தரையில் ஒரு கீறல்கூட இல்லை.

அக்குளில் கைகொடுத்து இழுத்தாள். வரவில்லை.

“இழுக்காதம்மா. கீழ மிதிக்கறதுக்கு ஆள் இல்லையாம்.”

டக். டக்.

குழந்தையின் முழங்கால்கள் மாறி மாறி ஏறி இறங்கின. பாவாடை நனைந்திருந்தது. லாவண்யா இன்னும் பலமாக இழுத்தாள்.

கீழேயிருந்தும் இழுத்தார்கள்.

தரை இப்போது லீலாவின் இடுப்புவரை வந்திருந்தது.