விளாவின தண்ணி

கொதிக்கக் கொதிக்க வந்திருந்தால்கூட ஆனந்த்ராஜ் பயந்திருக்க மாட்டார். பச்சத்தண்ணியாக வந்திருந்தால் அது இயற்கை. ஹீட்டர் தொட்டியின் அடியில் இருந்த சின்னக் குழாயைத் திறந்ததும் அவர் உள்ளங்கையில் விழுந்தது விளாவின தண்ணி. சூட்டில் பச்சத்தண்ணியை ஊற்றி, கையைவிட்டுத் துழாவி, இன்னும் ஒரு சொம்பு சேர்த்து, பச்சைப்பிள்ளை உடம்புக்குத் தாங்குமா என்று பார்த்துப் பார்த்துச் சேர்த்த பக்குவம்.

கையை இழுத்துக்கொண்டார். குழாயை மூடினார். டீசல் டேங்க் மூடியைத் திறந்து குச்சியை விட்டுப் பார்த்தார். குச்சி காய்ந்தே வந்தது. பேட்டரி வயரைப் பார்த்தார், அதுவும் கழன்று கிடந்தது. அடுப்பே பற்றவைக்காத வீட்டில் சோறு வெந்து கிடந்தால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது அவருக்கு.

அது ஒரு படகு. வத்தலக்குண்டுப் பக்கம், கண்மாயே வெடித்துக் கிடக்கிற பூமியில், ஒரு மாந்தோப்புக்கு நடுவில் நின்றது. மோகன்குமார் என்கிற தோப்புக்காரர் கொச்சியில் ஒரு வெள்ளைக்காரனிடம் அதை வாங்கி, லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து, சிமெண்டுத் தூண்மேல் உட்காரவைத்து, சுற்றிலும் கருங்கல் சுவர் எழுப்பி, கொடைக்கானல் போகிறவர்கள் ஒரு ராத்திரி தங்கிப் போகிற ரூமாக்கிவிட்டார். கையில் காசு இருந்தால் மனுசன் என்ன கூத்து வேண்டுமானாலும் அடிப்பான். குளிக்க வெந்நீருக்குப் படகில் பழைய டீசல் ஹீட்டரே இருந்தது. அந்த மாதிரி ஹீட்டரைப் பிரித்துப் பூட்டத் தெரிந்தவர் இந்தச் சுற்றுவட்டாரத்தில் ஆனந்த்ராஜ் ஒருத்தர்தான். சார்ஜாவில் படகுப் பட்டறையில் கிடந்து பாதி வயசைத் தொலைத்தவர். திண்டுக்கல்லிலிருந்து வரச் சொல்லியிருந்தார்கள்.

தங்க வந்தவர்கள் எல்லாருக்கும் ஒரே குறைதானாம். குளிக்க நின்றால் தண்ணி சில்லிட்டுப் போகிறது. யாரும் குளிக்காத மத்தியான நேரத்தில் குளியலறைக் கண்ணாடியில் ஆவி படிந்து நிற்கிறது. காவலுக்கு இருக்கும் மலைச்சாமி இதைச் சொல்லும்போது படகு வாசலைத் திறந்துவிட்டாரே தவிர, உள்ளே ஒரு காலை வைக்கவில்லை. சாயங்காலம் ஒரு குடும்பம் கைப்பிள்ளையோடு ரயிலில் வருகிறது, அதற்குள் ஹீட்டரைச் சரிபண்ணி வைத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டு, கொடைரோடு ஸ்டேஷனுக்கு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

தோப்பில் ஒரு காக்கா சத்தம்கூட இல்லை. உச்சி வெயில் படகின் தகரத்தைச் சுட்டுச் சுட்டு எங்கேயோ சடக், சடக்கென்று நெளிய வைத்துக்கொண்டிருந்தது. பழைய டீசலும் ஈர மரமும் கலந்த வாடை, கீழ்த்தட்டின் இருட்டுக்குள் யாரோ மூச்சுவிட்டுக்கொண்டே இருப்பது மாதிரி மூக்கில் வந்து வந்து மோதியது. நடைவழி ஒரு ஆள் அகலம். ஒரு பக்கம் ஹீட்டர் அலமாரி, எதிர்ப்பக்கம் குளியலறையின் இழுவைக் கதவு. கதவு சாத்தியிருந்தது.

வெயிலில் குழாய் சூடேறியிருக்கும் என்று சொல்லிக்கொண்டார். நல்ல காரணம்தான். ஆனால் மேலே பிளாஸ்டிக் தொட்டி மாமர நிழலில் இருந்தது, அதிலிருந்து இறங்கிய குழாயைத் தொட்டால் பானைத் தண்ணி மாதிரிக் குளிர்ந்தது. சரி, வேலையைப் பார்ப்போம் என்று பர்னரைக் கழற்றினார். உள்ளே ஒரே கரி. புகைக்குழாயைத் தடவிக்கொண்டே போய், அது படகின் விலாவில் வெளியேறுகிற ஓட்டையில் டார்ச் அடித்தார். ஓட்டை இல்லை. சிமெண்டு. கருங்கல் சுவர் கட்டின கொத்தனார், பாம்பு ஏறிவிடும் என்று அதையும் பூசி மெழுகிவிட்டிருந்தார்.

கோளாறு பிடிபட்டுவிட்டது. புகை போக வழியில்லாமல் நெருப்பு மூச்சுமுட்டி அணைகிறது, தண்ணி சில்லிடுகிறது. இப்படியே விடாமல் ஓட்டினால் புகை திரும்பிப் படகுக்குள்ளேயே இறங்கும். அந்தப் புகையில் பாதி கண்ணுக்குத் தெரியாது, வாடையும் அடிக்காது. தூக்கம் வருகிற மாதிரி இருக்கும். அவ்வளவுதான்.

அதை அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவருடைய ஒரே மகள் இசைவாணி அப்படித்தான் போனாள். இருபத்திநாலு வயசு, கோயம்புத்தூரில் வேலை, வாடகை வீடு, குளியலறைக்குள் கேஸ் ஹீட்டர், சாத்தின ஜன்னல். கதவை உடைத்து எடுக்கும்போது குழாய் திறந்தபடி ஓடிக்கொண்டிருந்ததாம்.

ஆனால் அவரை அறுக்கிறது அது இல்லை. திண்டுக்கல் மரியநாதபுரம் வீட்டுக்கு உடம்பைக் கொண்டுவந்து குளிப்பாட்டப் போனபோது, இவர் அடுப்படிக்குப் போய்ப் பெரிய சட்டியில் தண்ணி வைத்தார். பெரியவர்கள் வந்து அடுப்பை அணைத்தார்கள். ஆஸ்பத்திரியில் வெட்டித் தைத்த உடம்பு, ஐஸில் இருந்து வந்திருக்கிறது, சுடுதண்ணி ஆகாது என்றார்கள். சித்திரை வெயிலில்கூட விளாவின தண்ணி இல்லாமல் குளிக்க மாட்டாள் அந்தப் பிள்ளை. பிறந்ததிலிருந்து இவர்தான் விளாவிக் கொடுப்பார். அன்றைக்கு சேலை மறைப்புக்குப் பின்னால் பச்சத்தண்ணி குடம் குடமாக விழுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு வெளியே நின்றார். பெத்த வயிறு எரிகிறது என்பார்கள், அவருக்கு உடம்பெல்லாம் நடுங்கியது. இன்றுவரை அந்த நடுக்கம் நிற்கவில்லை.

பின்னால் தண்ணி சத்தம் கேட்டது.

திரும்பினார். மூடின குழாய் திறந்து ஒழுகிக்கொண்டிருந்தது. ஆவி லேசாக எழும்பியது. இறுக்கி மூடினார். அப்போது குளியலறைக்குள் வாளி விளிம்பில் சொம்பு தட்டியது. ஒரே ஒரு தட்டு. யாரோ தண்ணிக்குக் காத்திருந்து பார்த்து, பொறுமை இழந்து தட்டின மாதிரி.

"அப்பா."

சின்னக் குரல். நாலு வயசு இருக்கும்.

"அப்பா, குளிருது."

ஓடவேண்டியதுதானே? ஏணி நாலு எட்டில் இருந்தது. கால் வரவில்லை. பயத்துக்கு மேலே வேறொன்று வந்து நின்றது, அதைச் சந்தோசம் என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

சட்டைப் பையில் போன் அடித்தது. வீட்டிலிருந்து அறிவுச்செல்வி. மகள் போனதிலிருந்து, ஹீட்டர் வேலைக்கு இவர் எங்கே போனாலும் மத்தியானம் கூப்பிட்டுவிடுவார் மனைவி.

"என்னங்க, ஜன்னல் தொறந்திருக்கா?"

"தொறந்திருக்கு."

"குரலு ஒரு மாதிரி இருக்கே. சாப்டீங்களா?"

கதவுக்கு அந்தப் பக்கம் குளிரில் பல் கிடுகிடுக்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அவர் மனைவிக்கு அது கேட்கக் கூடாதே என்று போனைக் கையால் பொத்தினார்.

"நீங்க வந்தாத்தான் நான் சாப்பிடுவேன். எனக்கு வேற யாரு இருக்கா?"

"செத்த நேரத்துல வாரேன்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

உளியையும் சுத்தியலையும் எடுத்தார். வெளியே போய்ச் சுவரைச் சுற்றி வந்து அந்தச் சிமெண்டை உடைத்தால் புகைக்கு வழி கிடைக்கும், அப்புறம் ஹீட்டரைப் பற்றவைக்கலாம், பிள்ளைக்கு வெந்நீர் கிடைக்கும், இவரும் வீட்டுக்குப் போகலாம். புத்தி இன்னும் நேராகத்தான் ஓடியது. ஏணியில் கால் வைத்தார்.

"போகாதீங்கப்பா. போனா நான் இருக்க மாட்டேன்."

நின்றார்.

"அந்த சன்னலைச் சாத்துங்கப்பா. காத்து வருது."

வெளியே அனல் அடித்துக்கொண்டிருந்தது. வட்ட ஜன்னலைச் சாத்தினார். கொக்கி போட்டார். ஆண்டவரே, இது தப்பு என்று வாய்விட்டே சொன்னார். சொல்லிக்கொண்டே கொண்டுவந்த கேனைத் திறந்து டேங்கில் டீசலை ஊற்றினார். பர்னரை மாட்டினார். வயரைச் சேர்த்தார். கை தன்பாட்டுக்கு வேலை செய்தது.

டிக். டிக். டிக். டீசல் ஏறுகிற சத்தம். அப்புறம் குபீரென்று ஒரு மூச்சு. நெருப்பு பிடித்துவிட்டது.

தரையோரமாகப் புகை ஊர்ந்தது. கொஞ்சம்தான். கண்ணுக்குத் தெரிகிறது கொஞ்சம்தான்.

நடைவழியில் கிடந்த ஒரு வாளியையும் சொம்பையும் எடுத்து, வாளியைக் குழாய்க்கடியில் வைத்தார். சுடுதண்ணி வந்தது. பச்சத்தண்ணியை விட்டார். முழங்கையை நனைத்துப் பார்த்தார். இன்னும் ஒரு சொம்பு. போதும். தலை கனத்தது. காதுக்குள் வண்டு பறந்தது. இழுவைக் கதவின் முன்னால் உட்கார்ந்தார்.

கதவு ஒரு சாண் விலகியது.

ஒரு கை வந்தது. சின்னக் கை. வெளுத்து, விரல் நுனியெல்லாம் சுருங்கி, ரொம்ப நாள் தண்ணியில் கிடந்த கை. உள்ளங்கையை விரித்தது.

ஊற்றினார். கையில் பட்டு வழிந்து அவர் முழங்காலில் விழுந்த தண்ணி ஐஸாக இருந்தது.

இன்னொரு சொம்பு. ஐஸ்.

"ஊத்துங்கப்பா."

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. இசைவாணி ஒருநாளும் அவரை அப்பா என்று கூப்பிட்டதில்லை. பேசத் தொடங்கின நாளிலிருந்து அவள் வேறு மாதிரித்தான் கூப்பிடுவாள், அந்தச் சொல்லை அவர் இந்தப் படகில் வாயால் சொல்லவே இல்லை. இது அவர் பிள்ளை இல்லை. இந்தக் கையை அவர் பார்த்ததே இல்லை. யார் பெத்த பிள்ளையோ. எந்தத் தண்ணியில் இருந்து இந்தப் படகைப் பிடித்துக்கொண்டு வந்ததோ.

எந்திரிக்கப் பார்த்தார். கால் அவருடையதாக இல்லை. போன் மறுபடியும் அடித்தது. எடுக்க முடியவில்லை. அந்தக் கை அவர் மணிக்கட்டைப் பிடித்திருந்தது. இறுக்கமாக இல்லை. ரோட்டைத் தாண்டும்போது பிள்ளைகள் பிடிக்குமே, அப்படி.

போன் அடித்து ஓய்ந்தது.

கதவு இன்னும் ஒரு சாண் விலகியது. இருட்டுக்குள் அது அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் நினைத்ததைப் படித்துக்கொண்டிருந்தது. அப்புறம் குரலை மாற்றி, இருபத்திநாலு வயசுக் குரலில், சரியாக அவள் இழுக்கிற மாதிரியே இழுத்துக் கூப்பிட்டது.

"டாடி. குளிருது டாடி."

ஆனந்த்ராஜ் அழுதார். தெரிந்தேதான் வாளியை மறுபடியும் குழாய்க்கடியில் வைத்தார்.