சூடு ஆறிய எலிகள்

மலையூரான வெண்மந்தில் ஐந்தாவதாக நோய் கண்ட வீட்டிலும் எலி இல்லை.

நோய்த்தடுப்பு டாக்டர் நிறைமதி அரிசி டிரம்முக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பார்த்தாள். புழுக்கை இல்லை, கடித்த சாக்கு இல்லை. எலி நடமாடும் வீட்டை வாசலில் நின்றே மூக்கால் சொல்லிவிடுகிறவள் அவள். இங்கே சோப்பு வாசனைதான் வந்தது.

"எலியா? எங்க வீட்லயா?" வீட்டுக்கார அம்மாளுக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. "எங்களப் பார்த்தா அப்படியாங்க தெரியுது? உட்காருங்க, ரெண்டு இட்லி சாப்பிட்டுப் போங்க."

மறுத்தால் மனம் கோணும் என்று நிறைமதி சாப்பிட்டாள். பஞ்சு மாதிரி இருந்தது. காலையிலிருந்து இது நான்காவது வீட்டு இட்லி.

பிளேக் என்பது எலிகளின் நோய். எலிக்கு எலி அதைக் கொண்டுபோவது தெள்ளுப்பூச்சி. எலி செத்து உடம்பு சில்லிட்டதும், தெள்ளு அந்த உடம்பைவிட்டு இறங்கி, அடுத்த சூடான உடம்பைத் தேடும். பக்கத்தில் வேறு எலி இல்லாவிட்டால் மனிதன் அகப்படுவான். ஆகவே நோய் வரவேண்டியது எலிகள் கும்மாளம் போடும் கடைத்தெருவில். ஆனால் அங்கே ஒருவருக்கும் தும்மல்கூட இல்லை. பளிங்கு மாதிரி துடைத்து வைத்திருக்கும் மேல்தெருவில் ஐந்து பேருக்குத் தொடை இடுக்கில் நெறி கட்டி, காய்ச்சல் அனலாகக் கொதித்தது. ஐந்தில் ஒருவர் நிறைமதியின் அக்காள் கணவர் சற்குணம். மருந்து கேட்கிறது, பிழைத்துவிடுவார் என்றார்கள். ஆனால் நோய் எந்த வழியாக வீட்டுக்குள் நுழைந்தது என்று தெரியாதவரை, அடுத்தது அக்காளாக இருக்கலாம்.

இன்னொரு சங்கடமும் உண்டு. வெண்மந்துக்குப் பிளேக் வரவே முடியாது என்று மேடையேறிச் சொன்னவளே அவள்தான். சூட்டெலி அவளுடைய கண்டுபிடிப்பு.

சூட்டெலியைப் பற்றி இன்று பால்வாடிப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். பார்க்க எலி, உள்ளே இயந்திரம். எலியின் உடம்புச் சூடு, எலியின் மூச்சு போலக் கொஞ்சம் கரியமில வாயு, மெத்தென்ற ரோமம், ரோமத்துக்கு அடியில் மெல்லிய தோல், தோலுக்குள் செயற்கை ரத்தம். பகலெல்லாம் சாக்கடையிலும் கிடங்கிலும் ஓடும். தெள்ளுக்கு இதைவிட நல்ல விருந்து கிடையாது, வந்து ஏறிக்கொள்ளும். பொழுது சாய்ந்ததும் சூட்டெலி தானாகவே தெருக்கோடியில் இருக்கும் வறுகூட்டுக்குத் திரும்பி நுழையும். அங்கே தெள்ளுகள் வறுபட்டு, எண்ணப்பட்டு, கிருமி உண்டா என்று சோதிக்கப்படும். இயந்திரம் மறுநாளுக்கு மின்சாரம் ஏற்றிக்கொள்ளும். மாநிலம் முழுக்க எல்லா ஊரிலும் இதே ஏற்பாடுதான்.

மேல்தெரு வறுகூட்டில் தெள்ளின் எண்ணிக்கை போன வருடமே பூஜ்யத்துக்கு இறங்கிவிட்டது. தெள்ளே இல்லாத தெரு என்று கேடயம் கொடுத்துப் பாராட்டினார்கள். கேடயத்தை நிறைமதிதான் தன் கையால் கொடுத்தாள்.

சாயங்காலம் அக்காள் வீட்டுக்குத் திரும்பும்போது குளிர் எலும்பைக் கடித்தது. அக்காள் செல்வநாயகி ஆஸ்பத்திரியிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள். முகம் வாடியிருந்தாலும் கை சும்மா இல்லை. ஒரு அடுப்பில் இட்லிப் பானையில் தண்ணீர் கொதித்தது. மேடையில் நாளைக்கான மாவு பெரிய தூக்கில் கரைத்து வைத்திருந்தது.

"அவருக்குக் கஞ்சி எறங்கலையாம். இட்லின்னா ரெண்டு வாய் சாப்பிடுவாரு. நீயும் உட்காரு, ஊத்தித் தர்றேன்."

"அக்கா, இன்னிக்கு நாலு வீட்டு இட்லி தின்னாச்சு. ஆள விடு." சொல்லிவிட்டு நிறைமதி சட்டென்று நின்றாள். "ஏன்க்கா, நாம சின்னப் பிள்ளையா இருக்கறப்ப இந்த ஊர்க் குளிர்ல மாவு பொங்குமா?"

"எங்க பொங்கும்? அம்மா கம்பளியச் சுத்தி வெப்பாங்க. ரெண்டு நாள் ஆனாலும் அப்படியே கல்லாட்டம் கெடக்கும்."

"இப்ப எப்படிப் பொங்குது?"

செல்வநாயகி கரண்டியைக் கழுவினாள். கழுவிய கரண்டியையே மறுபடியும் கழுவினாள்.

"அக்கா."

"ஃபைன் போட்டுருவாங்கடி. கவர்மெண்ட் பொருளாச்சே."

"என்ன பொருள்?"

அக்காள் குனிந்து, மேடைக்கு அடியில் மாவுத் தூக்குகளுக்காகவே செய்த மரப்பெட்டியைத் திறந்தாள். உள்ளே, மடித்த பழைய துண்டின்மேல், ஒரு சூட்டெலி கதகதப்பாகப் படுத்திருந்தது. கால் கட்டப்பட்டிருந்தது. கழுத்தில் யாரோ அழகுக்குச் சிவப்பு நாடா கட்டியிருந்தார்கள்.

"சாயங்காலம் அது கூட்டுக்குப் போறப்ப வழியிலயே புடிச்சுக்குவோம். மாவுக்குப் பக்கத்துல வெச்சா விடியறதுக்குள்ள நொரைச்சு வழியும். காலைல மறக்காம கூட்டுல கொண்டுபோய் விட்டுருவோம். மேல்தெருல எல்லார் வீட்லயும் இதான். கடைத்தெருக்காரங்க பாக்கெட் மாவு வாங்கறாங்க, அவங்களுக்கு எதுக்கு?"

"எலி இருக்கான்னு வீடு வீடாக் கேட்டேனேக்கா!"

"எலியத்தானே கேட்ட? இத யாராவது எலின்னு சொல்லுவாங்களா?"

நிறைமதிக்குச் சிரிப்பு வந்தது. அழுகையும் வந்தது. எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகப் புரிபட்டது. சூட்டெலிக்கு ஒரு பகலுக்குத்தான் மின்சாரம். வறுகூட்டுக்குப் போகாமல் சமையலறையில் கிடந்தால், இரவில் எப்போதோ மின்சாரம் தீர்ந்து சில்லிட்டுப்போகும். தெள்ளுக்கு அது செத்த எலிதான். இறங்கி, பக்கத்து அறையில் போர்த்திப் படுத்திருக்கும் மனிதர்களைத் தேடிப் போயிருக்கும். காலையில் தெள்ளில்லாத வெறும் எலி வறுகூட்டுக்குப் போகும். எண்ணிக்கை பூஜ்யம். அதற்குத்தான் கேடயம்!

எத்தனை அழகான விடை! அந்த அழகில் அவள் மயங்கித்தான் போனாள். கைபேசியை எடுத்துத் தலைமைக் கட்டுப்பாட்டு அதிகாரி சிவக்கொழுந்துக்குப் பேசினாள். முழுக் கதையையும் சொல்ல வாய் துடித்தாலும், அவசரம் முந்திக்கொண்டது.

"சார், கண்டுபிடிச்சுட்டேன். நோயைப் பரப்பறது சூட்டெலிதான். நம்ம சூட்டெலி! உடனே நிறுத்தணும்."

"சூட்டெலியா? நிச்சயமாத் தெரியுமா?"

"கண்ணால பார்த்துட்டிருக்கேன் சார். ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்கக் கூடாது."

அவள் சொன்னது மேல்தெரு வீடுகளில் பிடித்துவைக்கும் வழக்கத்தை. அவர் புரிந்துகொண்டதோ இயந்திரத்தையே. நல்ல மனிதர், சொன்னால் உடனே செய்கிறவர். இணைப்பைத் துண்டிக்காமலே அவர் அந்தப் பக்கம் எதையோ தட்டும் சத்தம் கேட்டது.

"நிறுத்தியாச்சும்மா. மாநிலம் பூரா, ஒரே பொத்தான்ல. இனிமே ஒண்ணுகூட நகராது."

சூட்டெலியின்மேல் வைத்திருந்த நிறைமதியின் உள்ளங்கைக்குக் கீழே இருந்த மெல்லிய துடிப்பு நின்றது.

அவள் யோசிக்கவில்லை. கால்கட்டோடும் நாடாவோடும் சூட்டெலியை அப்படியே தூக்கி, கொதிக்கும் இட்லிப் பானைக்குள் போட்டு மூடியை அமுக்கினாள். "ஐயோ, எம் பானை!" என்று அலறினாள் செல்வநாயகி.

"சார், திரும்ப இயக்குங்க! எல்லாத்தையும்! இப்பவே!"

"நீதானேம்மா நிறுத்தச் சொன்னே?"

"இப்ப அதுங்க எங்க இருக்கும்? பகல் பூராச் சேர்த்த தெள்ளோட, கூட்டுக்குத் திரும்பிட்டிருக்கும். இன்னும் அரை மணி விட்டிருந்தா எல்லாம் உள்ள போய் வறுபட்டிருக்கும். இப்ப நடுத்தெருவுல நிக்குது. ஆறிட்டிருக்கு சார்!"

பிளேக் வந்த ஊர்களில் முன்னொரு காலத்தில் அவசரக்காரர்கள் செய்த அதே காரியம் இது. தெள்ளைக் கொல்லாமல் எலிகளை விஷம் வைத்துக் கொன்றார்கள். தெள்ளெல்லாம் மனிதர்மேல் ஏறியது. நிறைமதி வகுப்பெடுக்கும்போது முதல் பாடமே அதுதான்.

சிவக்கொழுந்து தயங்கிச் சொன்னார். "இங்கேயிருந்து நிறுத்தலாம், எழுப்ப முடியாதும்மா. ஒவ்வொண்ணையும் யாராவது கையில எடுத்து வயித்த அமுக்கினாத்தான் மறுபடி ஓடும். யாரும் தூரத்துலேர்ந்து விஷமம் பண்ணிடக் கூடாதுன்னு நீதானே அந்தப் பூட்டை வெச்சே?"

அவளேதான் வைத்தாள். அடம்பிடித்து வைத்தாள்.

ஜன்னலைத் திறந்தாள். மேல்தெரு ஓரத்தில், வறுகூட்டை நோக்கிப் போன சூட்டெலிகள் போன இடத்திலேயே நின்றிருந்தன. தேயிலைத் தோட்டத்தில் வேலை முடிந்து ஜனங்கள் திரும்பிக்கொண்டிருந்தார்கள். ஸ்வெட்டர் போட்ட ஒரு பெண் குனிந்து ஒன்றைக் கையில் எடுத்தாள்.

"எடுக்காதீங்க!" என்று நிறைமதி அடித்தொண்டையில் கத்தினாள். "கீழ போடுங்க, தள்ளிப் போங்க!"

அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். செல்வநாயகியின் தங்கச்சி, அந்த எலியைச் செய்த டாக்டரம்மா என்று அடையாளம் தெரிந்து முகம் மலர்ந்தது. பொருள் பாழாகிவிடுமே என்று பதறுகிறாள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

"கவலப்படாதீங்க டாக்டரம்மா, பத்திரமாப் பாத்துக்கறோம்! பாவம், ஜில்லுன்னு ஆயிருச்சு."

சொல்லிவிட்டு, சூடு ஏறட்டும் என்று அதை ஸ்வெட்டருக்குள் வைத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். அவளைப் பார்த்து, பின்னால் வந்தவர்களும் ஆளுக்கொன்றாகக் குனிந்து எடுத்தார்கள்.