இழுப்பறையில் நூறு மணி நேரம்

புத்தம் புது இயர்போனின் ரப்பர் முனையில் காதுக் குறும்பி இருந்தது.

கடுகளவுதான். இளமஞ்சள் நிறம், இன்னும் காயாத ஈரம். அந்த இயர்போன் பெட்டியை விட்டு வெளியே வந்து சரியாக நான்கு நாளும் நான்கு மணி நேரமும் ஆகியிருந்தன. அந்த நேரம் முழுவதும் அது அவனுடைய மேசை இழுப்பறைக்குள், ஒரு பழைய பிளேயரில் செருகப்பட்டு, யார் காதுக்கும் இல்லாமல் தனக்குத்தானே இரைந்துகொண்டு கிடந்தது. இன்னொன்றும் இருந்தது. ஒவ்வொரு பெட்டியிலும் ரப்பர் மூன்று அளவில் வரும்: சின்னது, நடுத்தரம், பெரியது. தொழிற்சாலையில் மாட்டி அனுப்புவது எப்போதும் நடுத்தரம். இப்போது மாட்டியிருந்தது சின்னது.

மலிவு விலைச் சீன இயர்போன்களைக் காதில் மாட்டிக் கேட்டு, தேறுமா தேறாதா என்று எழுதுவது அவன் தொழில். அதைத் தொழில் என்று அவன் மாமனார் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. அந்த இயர்போன்களுக்கு இரண்டு எழுத்தும் மூன்று எண்ணுமாக ஒரு பெயர் இருக்கும். பெட்டியின் மேல் பெரிய கண்களுடைய ஒரு கார்ட்டூன் பெண் காரணமே இல்லாமல் சோகமாக நிற்பாள். 'கீழ் ஒலி ஊதிய தேகம், நடு ஒலி கூச்சப்பட்டு ஓரடி பின்வாங்குகிறது, மேல் ஒலி ஊசி' என்று அவன் எழுதுவான். மேல் ஒலியில்தான் அவன் பெயர் வாங்கியிருந்தான். டிரம்ஸின் பித்தளைத் தட்டில் குச்சி பட்டு, அந்தச் சிலிர்ப்பு அடங்குகிற கடைசி மூச்சு வரை கேட்டுச் சொல்வான். வாசகர்கள் அவனைத் 'தங்கக் காது' என்றார்கள். இணையதளத்தை நடத்துகிற அண்ணன் சம்பளம் கொடுத்ததும் அந்தக் காதுகளுக்குத்தான். மீதி உடம்பு இலவச இணைப்பு.

புது இயர்போனை நூறு மணி நேரம் ஓடவிட்ட பிறகே தீர்ப்பு எழுத வேண்டும் என்பது தளத்தின் விதி. ஓட ஓட உள்ளே இருக்கும் சவ்வு இளகுமாம். 'பழக்குவது' என்பார்கள். அவனுக்கு அதில் துளியும் நம்பிக்கை இல்லை. பழக்காமலே கேட்டேன், ஒரு வித்தியாசமும் இல்லை என்று ஒருமுறை உண்மையை எழுதியதற்கு முந்நூறு பேர் வந்து அவன் வம்சத்தையே விசாரித்துவிட்டுப் போனார்கள். அன்றிலிருந்து நூறு என்றால் நூறு.

இரவு மனைவி வந்ததும் கேட்டான். அவள் நர்ஸ், காலை ஏழரைக்குப் போனால் இரவு ஏழுக்கு வருவாள்.

"என் இழுப்பறையைத் திறந்தியா?"

"பகல் பூரா வார்டுல ஊரார் காது, மூக்கு, வாயெல்லாம் பாத்துட்டு வரேன்டா. வீட்டுக்கு வந்து உன் இழுப்பறையை வேற பாக்கணுமா?"

"யாரோ ரப்பரை மாத்தியிருக்காங்க."

"அப்போ உருண்டைதான். பிடிச்சு விசாரி."

உருண்டை அவர்களுடைய மகள். ஒன்பது மாதம். இன்னும் எழுந்து நிற்கத் தெரியாது. சந்தேக நபர் பாயில் மல்லாந்து தன் கால் கட்டைவிரலைச் சப்பிக்கொண்டிருந்தாள். இருவரும் சிரித்தார்கள்.

கேட்க உட்காருமுன் தன் காதை ஒருமுறை சோதித்துக்கொள்வது அவன் வழக்கம். கீழிருந்து மெல்ல மேலேறிப் போகும் ஒரு சீழ்க்கை ஒலி. அது எந்த எண்ணில் காணாமல் போகிறது என்று பார்ப்பான். பதினாறாயிரம் ஹெர்ட்ஸ் வரை அவனுக்குக் கேட்கும். அன்று பதின்மூன்றாயிரத்தில் நின்றது. சளி என்று எண்ணிக்கொண்டான்.

அண்ணன் அனுப்பியிருந்தது ஐந்து செட். இரண்டாவதை இழுப்பறையில் போட்டு, இழுப்பறையைப் பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். நான்கு நாள் கழித்துத் திறந்தபோது ரப்பர் மறுபடியும் சின்னதாக மாறியிருந்தது. குறும்பி அதிகமாக இருந்தது. தொட்டுப் பார்த்தான். வெதுவெதுப்பு. பிளேயரில் சத்தம் இரண்டு புள்ளி குறைக்கப்பட்டிருந்தது.

யாருக்கோ சத்தம் அதிகமாக இருந்திருக்கிறது.

அந்த நாட்களில்தான் வீட்டிலிருந்து ஒவ்வொரு ஓசையாக எழுந்து வெளியே போக ஆரம்பித்தது. முதலில் கொசு, போகட்டும் என்றிருந்தான். பிறகு சாவிக்கொத்தின் கிணுகிணுப்பு போயிற்று. பிறகு மழையின் மேல்பாதி: இலையில் பட்டுத் தெறிக்கிற அந்தச் சன்னமான சரசரப்பு கழன்றுபோய், மாடியில் யாரோ மூட்டை நகர்த்துவதுபோல அடிப்பாதி மட்டும் மிஞ்சியது. மனைவியின் பேச்சில் 'ச' இல்லை, 'ஷ' இல்லை, மூச்சு இல்லை. ஈரத்துணியால் சுற்றிய சொற்களாக வந்து விழுந்தன. அவள் உதட்டைப் பார்த்துப் பார்த்துச் சரியான இடத்தில் "ம்" போடக் கற்றுக்கொண்டான். கல்யாணமானவர்களுக்கு அது பெரிய கலையில்லை.

மூன்றாவது செட் முடிந்த அன்று ரப்பர் நடுத்தரத்திலேயே இருந்தது, ஆனால் குறும்பி அப்பியிருந்தது; சின்னது இனி அந்தக் காதுக்குப் போதவில்லை. அதற்கு வளர்ச்சி நன்றாக இருந்தது. அவனுடைய சோதனை ஆறாயிரத்தில் நின்றது.

காது டாக்டரிடம் போனான். அவர் விளக்கை நெற்றிக்கு இறக்கி, இடது காது, வலது காது, மறுபடியும் இடது என்று மாறி மாறிப் பார்த்தார்.

"பட்ஸ் போட்டு நோண்டுவீங்களா தம்பி?" என்று இரண்டாம் முறை சத்தமாகக் கேட்டார்.

"இல்ல சார்."

"பொய் சொல்லாதீங்க. உள்ள ஒரு துளி குறும்பி இல்ல. முப்பது வருஷமா காது பாக்குறேன், பொறந்த குழந்தைக்குக்கூட இவ்வளவு சுத்தமா இருக்காது. யாரோ வழிச்சு எடுத்த மாதிரி இருக்கு."

டாக்டர் அதைப் பாராட்டாகத்தான் சொன்னார். அவனுக்குத்தான் வெளியே வந்து படிக்கட்டில் கொஞ்ச நேரம் உட்கார வேண்டியிருந்தது.

மனைவியிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் மறுநாளிலிருந்து உருண்டையை அவனிடம் விட்டுப்போக மாட்டாள். விட்டுப்போக வேறு ஆளும் இல்லை. காலை ஏழரையிலிருந்து இரவு ஏழு வரை அந்தக் குழந்தைக்கு இருந்த ஒரே காவல் அவன் காதுகள். படுக்கையறையில் அழுதால் முன்னறையில் கேட்க வேண்டும். அவ்வளவுதான் வேலை, அதுதான் முழு வேலையும். இப்போது ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து போய்த் தொட்டிலை எட்டிப் பார்த்தான். ஒருமுறை பத்து நிமிடமாகிவிட்டது. ஓடிப்போய்ப் பார்த்தபோது உருண்டையின் கன்னம் இரண்டும் நனைந்திருந்தன, மூக்கு சிவந்திருந்தது. நெடுநேரம் அழுத முகம். ஆனால் அழவில்லை. தொட்டிலுக்கு மேலே எதையோ பார்த்துக் காலை உதைத்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அண்ணன் போனில் வந்தார். ஸ்பீக்கரில் போட்டு, காதோடு அழுத்திக்கொண்டும் பாதிதான் புரிந்தது.

"மூணாவது செட்டுக்கு மேல் ஒலி மங்கி இருட்டா இருக்குன்னு எழுதியிருக்கியே தம்பி? வாங்கினவன் எல்லாம் பல்லு கூசுதுங்கிறான்."

"சளிண்ணே."

"அப்போ சளி போற வரைக்கும் பித்தளைக் காதுன்னு போட்டுக்கலாமா?" சிரித்தார். பிறகு சிரிக்கவில்லை. "மிச்சம் ரெண்டையும் ஒழுங்காப் பழக்கிட்டுக் கேளு. இதுவும் சொதப்பினா நான் வேற ஆள் பாக்கணும். கோச்சுக்காத."

அவன் பழக்கவில்லை. நான்காவது பெட்டியின் பிளாஸ்டிக் உறையைக்கூடக் கிழிக்காமல், ஐந்தாவதோடு சேர்த்து அலமாரியின் மேல்தட்டில் வைத்தான். பிளேயரின் மின்வயரைப் பிடுங்கினான். அன்றிரவு பல நாள் கழித்து நன்றாகத் தூங்கினான்.

காலையில், மனைவி போன பிறகு, இழுப்பறையைத் திறந்தான்.

நான்காவது செட் உள்ளே இருந்தது. உறை கிழிந்து, மடித்து, ஓரமாக வைக்கப்பட்டிருந்தது. பிளேயர் ஓடிக்கொண்டிருந்தது. ரப்பர் பெரியது.

அவன் நாற்காலியில் உட்கார்ந்தான். வெட்கத்தை விட்டுவிட்டான். இழுப்பறையைப் பார்த்துப் பேசினான்.

"எடுத்ததைக் குடுத்துடு."

பதில் வந்திருந்தாலும் அவனுக்குக் கேட்டிருக்காது.

"ரெண்டும் வேணாம். இடதை நீ வச்சுக்கோ. வலதைக் குடு, போதும். வேலைகூட வேணாம். கொழந்தை அழுதா கேக்கணும், அவ்வளவுதான். அது மட்டும் குடு." கெஞ்சக் கெஞ்சத் தன் குரலே கிணற்றுக்குள் இறங்கிப் போவதை அவன் கவனித்தான். "தயவுசெஞ்சு" என்றான். அந்தச் சொல்லின் கடைசிப் பகுதி அவன் காதுக்கு வரவில்லை.

அன்று பகல் முழுவதும் தொட்டிலுக்குப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்திருந்தான். மறுநாளும். அதற்கடுத்த நாளும். மனைவி "என்னடா, ஒரேயடியா பாசம்?" என்றாள், உதட்டில் படித்துச் சிரித்து வைத்தான். நான்காம் நாள் மாலை ஐந்து மணிக்கு, உருண்டை தூங்கியிருந்தாள். பால் புட்டியைக் கழுவி வைக்க எழுந்தான். சமையலறையில் குழாயைத் திறந்தான். தண்ணீர் விழுந்தது. சத்தம் விழவில்லை.

புட்டியைக் கீழே போட்டான். அது உருண்டது. சத்தமில்லை. கை தட்டினான். உள்ளங்கை எரிந்தது, அவ்வளவுதான். ஜன்னலுக்கு வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. மீன்தொட்டிக்குள் பார்ப்பதுபோலப் பார்த்தான். தலைக்குள் ஒரு ரீங்காரம்கூட இல்லை. துடைத்து எடுத்திருந்தார்கள்.

முன்னறைக்கு ஓடினான். இழுப்பறை திறந்திருந்தது. பிளேயர் இல்லை. அலமாரி மேல்தட்டில் ஐந்தாவது பெட்டி பிரிந்து கிடந்தது. உள்ளே பள்ளம் மட்டும் இருந்தது.

இழுப்பறையில் மிஞ்சியிருந்தது நான்காவது செட். எதிலும் செருகாமல், வயர் சுருண்டு கிடந்தது. ரப்பரில் குறும்பி மின்னியது. அவனுடையது. அவன் அதைத் துடைக்கவில்லை. அப்படியே எடுத்து இரண்டு காதிலும் அழுத்தினான்.

மழை கேட்டது.

முழு மழை. மேல்பாதியும் சேர்ந்து. இலை இலையாக, ஜன்னல் கம்பியில் பட்டுச் சிதறும் துளி துளியாக, எங்கோ ஒரு கொசுவின் இழையோடு, எதையும் தீட்டாமல், எதையும் மறைக்காமல். அவன் அழுதுவிட்டான். இத்தனை வருடத்தில் இவ்வளவு தெளிவான ஒன்றை அவன் கேட்டதில்லை. மேல் ஒலியில் பத்துக்குப் பத்து என்று பழக்கதோஷத்தில் மனம் ஒருபக்கம் எழுதிக்கொண்டிருந்தது. மழை இடப்பக்கம். கடிகாரத்தின் டிக் டிக் வலப்பக்கம், மிக அருகில்.

முன்னறையில் கடிகாரம் கிடையாது.

இருக்கும் ஒரே கடிகாரம் படுக்கையறைச் சுவரில், தொட்டிலுக்கு மேலே.

அப்போது உருண்டை அழுதாள். நேர் எதிரில். முகத்துக்கு முகம். அவள் மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது.

மரம் கிரீச்சிட்டது. தொட்டில் விளிம்பு. யாரோ கை ஊன்றிக் குனிந்தால் வரும் சத்தம்.

பிறகு, வாரக்கணக்கில் அவன் கேட்காத அந்த ஒலி. மேலே, மிக உயரத்தில். மெல்ல.

ஷ்ஷ்ஷ்ஷ்.

அழுகை விக்கலாகத் தேய்ந்தது. துணிமேல் ஏதோ பட்டது. தப். தப். தப்.

ஓடினான். நாற்காலி காலில் மாட்டியது. இயர்போன் காதிலிருந்து பிய்த்துக்கொண்டு விழுந்தது. எல்லாம் நின்றது. சத்தமில்லாத நடை. சத்தமில்லாத கதவு.

தொட்டில் காலி.

உருண்டை தொட்டிலுக்கும் ஜன்னலுக்கும் நடுவே இருந்தாள். ஓர் ஆளின் தோள் உயரத்தில். வெறும் காற்றில். ஒரு கன்னம் எதன்மீதோ அழுந்திச் சப்பையாகியிருந்தது. கண் பாதி செருகியிருந்தது. வாயோரம் வழிந்த எச்சில் கீழே விழாமல், அந்தரத்தில் ஒரு கறைபோலப் பரவியிருந்தது. அவள் முதுகில் சட்டை அமுங்கியது. எழுந்தது. அமுங்கியது.

அவள் தலைக்குப் பக்கத்தில், ஒன்றுக்கொன்று ஒரு முகத்தின் அகலம் இடைவெளியில், ஐந்தாவது இயர்போனின் இரண்டு பக்கமும் நின்றுகொண்டிருந்தன. வயர் இறங்கி, நுனியில் காணாமல்போன பிளேயரோடு, காற்றில் மெல்ல ஆடியது.

அவன் கத்தினான். கத்தினான் என்று தொண்டை சொன்னது.

இயர்போன் இரண்டும், ஒன்றாக, நிதானமாக, அவன் பக்கம் திரும்பின. முதுகில் தட்டுவது நிற்கவில்லை. பிறகு வலப்பக்க இயர்போன் மட்டும் தானாகக் கழன்று, வயரோடு கீழே தொங்கியது. யாராவது பேச வந்தால் என்ன சொல்கிறார்கள் என்று கேட்க நாம் ஒரு பக்கத்தைக் கழற்றிக்கொள்வோமே, அப்படி.