நாச்சிமுத்துவின் நாற்காலி

நாற்பத்தோராவது ஆளும் வேலை வேண்டாமென்று கும்பிடு போட்டுவிட்டுப் போனான். நாச்சிமுத்து கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். கோவையில் ஒரு பம்புசெட் கம்பெனிக்கு முப்பத்தாறு வருஷமாக விற்பனை மேலாளர். "உங்க சேர்ல ஒரு ஆளப் புடிச்சு உக்கார வெச்சுட்டு நீங்க கெளம்பலாம்" என்று முதலாளி முடிவாகச் சொல்லிவிட்டார். இந்தக் கல்லூரியில் இன்று ஆள் கிடைக்காவிட்டால் விடுதலை கிடையாது.

வணிக மேலாண்மை என்று சொல்லி முன்பெல்லாம் மூன்று வருஷம் புத்தகத்தைப் புரட்ட விட்டார்கள். வெளியே வந்தவனுக்கு ஒரு டீலரிடம் போனில் பேசத் தெரியாது. அனுபவம் வேண்டும், அனுபவம் வேண்டும் என்று கம்பெனிக்காரர்கள் கத்தினார்கள். இந்தா வாங்கிக்கொள் என்று கல்லூரிகள் அனுபவ வார்ப்பி என்றொரு கருவியைக் கொண்டுவந்து இறக்கின. வேலை பார்த்தவன் தலையில் மாட்டினால் பார்த்த வேலையெல்லாம் அதில் பதிவாகும். மாணவன் தலையில் மாட்டினால் அத்தனையும் அவனுக்குள் இறங்கும். அதுதான் பாடத்திட்டம், வேறொன்றும் கிடையாது.

இந்தக் கல்லூரிக்குத் தலை கொடுத்தவர் நாச்சிமுத்துதான். போன வருஷம் ஒன்பது நாள் உட்கார்ந்தார். தன்னைப் போலவே ஆள் தயாராகும், தான் கிளம்பிவிடலாம் என்ற ஆசை.

கடைசியாக வந்தவள் தர்ஷிகா. இருபத்தொரு வயது. உட்காரும்போதே வயசானவர் மாதிரி இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டாள்.

"டீலர் ஒருத்தன் நாப்பது மோட்டாரத் திருப்பி அனுப்பிட்டான். என்ன கண்ணு பண்ணுவ?"

"மொதல்ல திட்ட உடுவேனுங்க. முடிச்சதும் சாப்டாச்சான்னு கேப்பேன். அப்பறம் பெட்டியப் பாப்பேன். பாதியப் பிரிச்சே இருக்க மாட்டான். விக்கலைன்னு திருப்பறான், பழி மோட்டாருக்கு."

அன்று முதல் தடவையாக அவர் சிரித்தார். தட்டுத் தடுமாறி அவர் கற்றதெல்லாம் அந்தப் பதிலில் இருந்தது.

"நாளைக்கே சேந்துக்க."

"வேண்டாமுங்க."

"ஏன், சம்பளம் பத்தலியா?"

"அதில்லீங்க. மறுபடி மாசக் கடைசி, மறுபடி டார்கெட்டு. தெம்பில்லீங்க. நீங்க எதுக்குப் போறீங்களோ அதுக்குத்தான்."

"நான் கெழவன். உனக்கென்ன, சின்னப் புள்ள!"

"நீங்க பாத்த வேலைய மட்டுமா எறக்கியிருக்காங்க? நெனச்சதும் கூடவே வந்திருக்குங்க. தெனமும் கம்பெனி கேட்டத் தாண்டறப்ப, இன்னியோட விட்டறலாம்னு நெனச்சீங்க."

"நெனச்சேன். விட்டனா?"

"விடல. அதான் நான் சேரல."

மேசைமேல் போன் அதிர்ந்தது. முதலாளி.

"இன்னும் ஒரு வருசம் இருங்கன்னுவாரு" என்றாள் தர்ஷிகா. "முடியாதுன்னு சொல்ல வாயத் தொறந்துட்டு, சரிங்கன்னுருவீங்க."

"இந்தத் தடவ சொல்றேன் பாரு" என்று போனை எடுத்தார்.

முதலாளி பேசினார். நாச்சிமுத்து வாயைத் திறந்தார். எதிரே தர்ஷிகாவின் உதடுகளும் அவரோடு சேர்ந்தே அசைந்தன.

"சரிங்க."