கூட இருக்கிற தம்பி

“உன் கூட இருக்கிற தம்பி நல்லா பேசுதுடா. மரியாதை தெரிஞ்ச பிள்ளை” என்றாள் அம்மா போனில்.

அவன் ஈரக் காலுறையை உருவிக்கொண்டிருந்தான். பாதியில் கை நின்றது.

அவன் கூட யாருமில்லை. வெளிநாட்டுக்குப் படிக்க வந்த முதல் வாரத்தில், தரைக்குக் கீழே இந்த ஒற்றை அறையில் தனியாகக் கிடக்கிறேன் என்று சொல்ல வாய் வராமல், “ரூம்ல நம்ம பையன் ஒருத்தன் இருக்கான்மா, தங்கமானவன்” என்று அடித்துவிட்ட பொய் அது. சாந்துச் சட்டி சுமந்து அவனை வளர்த்தவள். மகன் ஒண்டியாக இருக்கிறான் என்று தெரிந்தால் அவளுக்குச் சோறு இறங்காது.

“எப்பம்மா பேசுன?”

“நீ வேலைக்குப் போயிருந்தப்ப. போனை எடுத்து ‘சொல்லுங்கம்மா’ன்னுச்சு. எந்த ஊருப்பான்னேன். ‘உங்க மகன் எந்த ஊருன்னு சொல்றானோ அந்த ஊருதாம்மா’ன்னு சிரிக்குது. குசும்பு!”

வகுப்பு முடிந்ததும் அவன் போவது கோழி வெட்டும் ஆலைக்கு. உள்ளே போன் கூடாது. அறையில் சார்ஜில் போட்டுவிட்டு, கதவைப் பூட்டிக்கொண்டு போவான். பேசி முடித்ததும் அழைப்புப் பட்டியலைப் பார்த்தான். அம்மாவின் அழைப்பு, எடுத்துப் பேசப்பட்டதாகத்தான் இருந்தது.

எத்தனை சோப்புப் போட்டாலும் நகக்கண்ணை விட்டுப் போகாத கோழி ரத்தமும் பிளீச்சிங் பவுடரும் கலந்த தன் வாடைக்குக் கீழே, நெடுநாள் பெட்டிக்குள் மடித்துக் கிடந்த ஈரத்துணியின் வாடை ஒன்று அறையில் நிற்பதை அன்றைக்குத்தான் அவன் மூக்கு பிடித்தது. தலைக்கு மேலே குழாயில் மாடிவீட்டுத் தண்ணீர் கடகடவென்று இறங்கி, நின்று, யாரோ எச்சில் விழுங்குவதுபோல ஒருதரம் ஒலித்து அடங்கியது. கட்டில் ஒரு ஆளுக்கானது. சுவர்ப் பக்கம் மெத்தை ஒரு ஆள் நீளத்துக்குக் குழிந்திருந்தது. கை வைத்தான். அப்போதுதான் எழுந்து போன இடம்போல இருந்தது. ஆனால் சூடில்லை. சில்லென்றிருந்தது.

சாவி வேறு யாரிடமாவது இருக்கிறதா என்று வீட்டுக்காரரிடம் போய்க் கேட்டான். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஒரு ஆள் என்று சொல்லி வந்துவிட்டு இரண்டு பேர் இருப்பது நியாயமா, நாள் பூராவும் கீழே பேச்சுச் சத்தம் என்றார்.

அம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் அடுத்த தடவை போனை எடுத்தான். அவள் முந்திக்கொண்டாள்.

“இப்பதான்டா எனக்குத் தூக்கமே வருது. அந்தத் தம்பி இருக்குங்கிற தைரியம். நீ சரியா திங்கிறதில்லையாமே? எல்லாம் சொல்லுச்சு.”

“ஆமாம்மா. நல்ல பையன்” என்றான்.

பின்னால் கட்டில் கிறீச்சிட்டது, யாரோ வசதியாகச் சாய்ந்து உட்கார்ந்ததுபோல.

இனி இங்கே இருந்தால் ஆகாது. ஆலையில் பக்கத்தில் நின்று வெட்டுகிறவன் தன் அறையில் இடம் தருவதாகச் சொல்லியிருந்தான். மதியமே வகுப்பை விட்டு வந்து பெட்டியை இழுத்துப் போட்டான். தெருவில் போகிறவர்களின் கால்கள் மட்டும் தெரியும் அந்தச் சின்ன ஜன்னலைப் பனி பாதிக்கு மேல் மூடியிருந்தது. வெளிச்சம் சாம்பலாக வந்தது. சட்டைகளை மடிக்காமல் அமுக்கினான். போன் அடித்தது.

“அம்மா, ஒண்ணு சொல்றேன் கேளு. இங்க யாரும் இல்லம்மா. நான் பொய் சொன்னேன். நான் தனியாத்தான் இருக்கேன்.”

அம்மா சிரித்தாள்.

“நீ இப்படித்தான் சொல்லுவேன்னு தம்பி சொல்லுச்சு. ரெண்டு பேருக்கும் சண்டையாமே? பெட்டி கட்டுறியாமே? ஏன்டா, பனியில எங்கடா போவ, கிறுக்குப் பயலே?”

“அம்மா, அது ஆளே இல்லம்மா!”

“போதும்டா. நான் அதுகிட்ட சொல்லிட்டேன். வெளிய விடாத. நல்லாப் போர்த்திப் படுக்க வை. சாப்பிடலன்னா நாலு வாய் ஊட்டி விடுன்னேன். உன்னை அதுகிட்ட ஒப்படைச்சிட்டேன்.”

கதவின் தாழ்ப்பாள் உள்பக்கம் ஏறியது. மெதுவாக.

ஓடினான். இழுத்தான். தாழ்ப்பாள் அசையவில்லை. ஜன்னலைப் பார்த்தான். பனி முழுக்க மூடியிருந்தது. கத்தினான். மேலே குழாய் மட்டும் பதில் சொன்னது.

ஈரத்துணி வாடை. பக்கத்தில்.

போர்வை பின்னாலிருந்து தோளில் ஏறியது. கழுத்துவரை. அம்மா போர்த்துவதுபோலவே ஓரங்களைச் செருகி, இறுக்கி. கை அசையவில்லை. கால் அசையவில்லை. கட்டிலில் உட்கார வைக்கப்பட்டான்.

போன் தரையில் கிடந்தது. இன்னும் பேசிக்கொண்டிருந்தது.

“சாப்பிடுறானா தம்பி?”

“சாப்பிடுறான்மா.”

அது அவன் குரல். அவன் காதுக்குப் பின்னாலிருந்து.

ஒரு கை முன்னால் வந்தது. தண்ணீரில் ஊறிய வெள்ளை விரல்கள். விரல் நுனியில் பிசைந்த உருண்டை. சோறில்லை. ஈரம். லேசாகத் துடித்தது.

பல்லைக் கடித்தான். இன்னொரு கை தாடையைத் தடவியது. பொறுமையாக. பிள்ளையைத் தடவுவதுபோல.

“ஆ காட்டு.”

அவன் வாய் திறந்தது.